கூண்டில் இறங்கியவர்களின் ஊர்

(மூதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

என்னை அழைத்தவர்கள் இந்த ஊரின் பழம்பெருமையைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மூதூர் என்ற பெயரிலேயே முதுமை இருக்கிறது. அதை நான் வேறு கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புவியியல் படிப்பித்தே தலை நரைத்தவன் நான். பழமை என்றால் எனக்கு முதலில் பாறைதான் ஞாபகம் வரும். ஆகவே கொட்டியாரக் குடாவின் கரையில் இருந்துகொண்டு, கடலையே காணாத ஓர் ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். கோலார் தங்கவயல். மாணவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, கே.ஜி.எஃப். பார்த்தீர்களா, இப்போது கைதட்டுகிறீர்கள். அந்தக் கைதட்டலுக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அதற்கு முதல் எங்கள் ஊர்க் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1893ஆம் ஆண்டு நாட்டிய கல். கப்பித்தான் றொபேட் நொக்ஸ் 1660இல் இந்த இடத்து மரத்தின் கீழ் பிடிபட்டார், கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்தார் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அதில் ஒரு பிசகு உண்டு. ‘ஆன்’ என்ற கப்பலுக்குக் கப்பித்தானாக வந்தவர் தகப்பன் நொக்ஸ். பத்தொன்பது வருடம் கிடந்து, தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டவர் மகன் நொக்ஸ். இருவருக்கும் ஒரே பெயர். தகப்பன் பிடிபட்ட மறுவருடமே காய்ச்சலில் இறந்துபோனார். கல்லை நாட்டியவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள்.

பிழை ஒரு பக்கம் கிடக்கட்டும். அன்றைக்கு அந்தக் கரையில் நின்றவர்கள் யார்? கப்பல் வந்ததைக் கண்டவர்கள், மாலுமிகளுக்கு அரிசியும் கோழியும் விற்றிருக்கக்கூடியவர்கள், அவர்கள் பெயர் என்ன? கல்லில் ஒரு பெயரும் இல்லை. அந்தக் குறையை உணர்ந்து இந்த ஊரில் பேனா எடுத்தவர் வ. அ. இராசரத்தினம். ‘தோணி’யை எழுதியவர். அவர் கதையில் இந்தக் கரையின் சனங்கள் வந்தார்கள். கல்லுக்கும் கதைக்கும் இடையிலான இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் தங்கவயலுக்குப் போனேன், இன்று பேசவும் வந்தேன்.

சுரங்கம் என்று பேச இந்தியாவுக்குப் போக வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். எங்கள் மாவட்டத்திலேயே புல்மோட்டை இருக்கிறது. கறுத்து மினுங்கும் அந்தக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் சேர்கோனும் இருக்கின்றன. 1957இல் அதற்கென்று கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். ஆனால் அங்கே மேல்மண்ணை அள்ளுகிறார்கள்; ஆள் நிலத்துக்குள் இறங்குவதில்லை. தொழிலும் இன்னும் நடக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு ஓர் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டுமானால், தமிழர்களைப் பொறுத்தவரையில் தங்கவயலைப் போல இன்னோர் இடம் இல்லை.

பெங்களூரில் இருந்து கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர். மண் கர்நாடகத்தின் மண். ஒரு பக்கம் ஆந்திரா, மறுபக்கம் கொஞ்சம் எட்டி நடந்தால் தமிழ்நாடு. சந்தையில், கோயில் வாசலில், சவ ஊர்வலத்தில் கேட்கிற மொழி பெரும்பாலும் தமிழ். பச்சைநிறக் கருங்கல்லுக்குள் வெள்ளைப் படிகக்கல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த நரம்புக்குள் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத அளவில் தங்கம். ஆற்றில் அரித்து எடுக்கிற தங்கம் வேறு. இது கல்லை உடைத்து, மாவாக அரைத்து, இரசத்திலும் பிறகு சயனைட்டிலும் கரைத்துப் பிரித்தெடுக்க வேண்டிய தங்கம். ஆகவே ஆள் வேண்டும். நிறைய ஆள் வேண்டும்.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அங்கே பழைய குழிகள் இருந்தன. யாரோ, எந்தக் காலத்திலோ, உளியும் நெருப்பும் கொண்டு தோண்டிப்போன குழிகள். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜோன் வொரன் என்பவர் அந்தப் பக்கத்துக் கிராமத்தவர் மண்ணில் தங்கம் அரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். காட்டுகிறவர்களுக்குச் சன்மானம் என்றார். கிராமத்தவர்கள் மாட்டுவண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னாலேயே கழுவிக் காட்டினார்கள். வொரன் எழுதிவைத்த குறிப்பு 1804இல் அச்சாகியது. வொரன் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வண்டி ஓட்டிவந்தவர் பெயர் இல்லை. நொக்ஸ் கல்லின் கதைதான் இது, வேறு நாட்டில்.

அந்தக் குறிப்பைப் பல வருடம் கழித்து வாசித்தவர் மைக்கல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் போர் முடித்து, அங்கே தங்கம் தேடுகிறவர்களையும் பார்த்துவிட்டு, பெங்களூரில் ஓய்வாக இருந்தவர். மைசூர் அரசிடம் விண்ணப்பம் போட்டு 1875இல் குத்தகை பெற்றார். அவருக்கு அதிர்ஷ்டம் இருக்கவில்லை, கைமாற்றிவிட்டார். 1880இல் லண்டனின் ஜோன் டெயிலர் கம்பனி உள்ளே வந்தது. அவர்களும் முதலில் பணத்தைக் கொட்டி நட்டப்பட்டார்கள். கம்பனியைக் கலைத்துவிடலாமா என்று யோசித்த நேரத்தில்தான் பழைய குழிகளைப் பின்தொடர்ந்து இறங்கி, ‘சாம்பியன்’ என்று பிறகு பெயர்பெற்ற தங்க நரம்பைப் பிடித்தார்கள். பெயர் தெரியாத அந்தப் பழைய ஆட்கள் விட்டுப்போன இடத்தில் இருந்துதான் லண்டன் கம்பனி தொடங்கியது. கம்பனி ஆண்டறிக்கையில் அவர்களுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

1880 என்ற ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்வரை தென்னிந்தியாவில் தாது வருடப் பஞ்சம். 1876 தொடக்கம் 1878 வரை சனம் வழியெங்கும் விழுந்து செத்த காலம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளில் இருந்து, காணி இல்லாத, பண்ணையாருக்கு அடிமைப்பட்டுக் கிடந்த சனம் எழும்பி நடந்தது. ஒரு பகுதி கிழக்கே கடலைத் தாண்டி எங்கள் மலைநாட்டுக்கு வந்தது. இன்னொரு பகுதி மேற்கே மலையேறிக் கோலாருக்குப் போனது. இங்கே கங்காணி கூட்டிவந்தான். அங்கே ஒப்பந்தக்காரன் கூட்டிப்போனான். இங்கே லயன், அங்கேயும் லைன்தான். மூங்கில் தட்டியால் கட்டிய ஒற்றை அறை, குனிந்துதான் உள்ளே போகலாம். அண்ணன் தேயிலைக்கும் தம்பி தங்கத்துக்கும் போன குடும்பங்கள் இருந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் லயனைப் பார்த்தவர்கள் தங்கவயல் லைனைப் பார்த்தால், வழிதவறித் திரும்பவும் அங்கேயே வந்துவிட்டோமோ என்று ஒருமுறை நிற்பார்கள். நான் நின்றேன்.

வேலையிலும் படிநிலை. மேலே ஆங்கிலேய அதிகாரிகள், இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் இருந்து வந்த பரம்பரைச் சுரங்கக்காரர்கள், சில இத்தாலியர்கள். அதற்குக் கீழே ஆங்கிலோ இந்தியர். காவலுக்குப் பஞ்சாபிகள். எல்லாவற்றுக்கும் கீழே, சொல்லப்போனால் நிலத்துக்கும் கீழே, தமிழன். வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் தோட்டத்துக்கும் குளிர்ந்த காற்றுக்கும் மயங்கி அதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள். இன்றைக்கும் சுற்றுலா எழுதுகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். தங்கவயலின் பெருமை என்று பேசத் தொடங்கினால் முதலில் வருவது அந்தக் கிளப்பும் அந்தப் பங்களாக்களும்தான். லைன் வீட்டுக்காரன் அந்தக் கிளப் வாசலில் கால் வைத்திருக்க மாட்டான்.

இனிக் கீழே இறங்குவோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. எங்கள் நாட்டின் உயர்ந்த மலை பிதுருதலாகல. உயரம் 2,524 மீற்றர். அந்த மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்தக் குழிக்குள் இறக்கினாலும் அடியைத் தொடாது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது நீண்ட காலம் இருந்தது. இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து ஏற்றி, கயிற்றில் இறக்குவார்கள். ஒரே கயிற்றில் அடிவரை போக முடியாது. நடுவில் இறங்கி, நடந்து, அடுத்த கூண்டு. அந்த ஆழத்தில் பாறை 60 பாகைக்கு மேல் கொதிக்கும். மேலே இருந்து குளிர்காற்றைத் தள்ளினாலும் கீழே வேலைசெய்தவன் கோவணத்தோடுதான் நின்றான்.

வெப்பத்தைவிட அவர்கள் பயந்தது ‘ஏர் பிளாஸ்ட்’டுக்கு. அப்படித்தான் சொல்வார்கள். காற்றுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கல்லைக் குடைந்து எடுத்த இடத்தில் வெற்றிடம். மேலே கிலோமீற்றர் கணக்கான பாறையின் பாரம். நெருக்கிக்கொண்டிருந்த பாறை ஒரு கணத்தில் பொறுக்காமல் வெடித்துச் சிதறும். பூமி நடுங்கும். மேலே லைனில் அடுப்படிச் சட்டி உருளும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எந்த ஷாப்ட் என்று முதலில் தெரியாது. கூண்டு மேலே வரும்வரை நிற்பார்கள். கடலுக்குப் போனவன் வரும்வரை கரையில் நின்ற வழக்கம் எங்களுக்கும் உண்டே. இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெடிப்பில் தப்பியவனுக்கு இன்னொன்று காத்திருந்தது: கல்லுத்தூசி. நுரையீரலில் படிந்து மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும் அந்த நோயை அங்கே மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்தது 1940களில்தான். அதற்குள் இரண்டு தலைமுறை இருமிச் செத்துவிட்டது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்கம்பித் தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூர் வீதிகளுக்கு விளக்கு வந்தது 1905இல். தலைநகரத்துக்கு முன்னால் சுரங்கத்துக்கு வெளிச்சம்! இயந்திரத்துக்கு வெளிச்சம் என்று திருத்திச் சொல்ல வேண்டும். லைன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் நீண்ட காலம் எரிந்தது.

இப்போது 1930க்கு வருகிறேன். அந்த வருடம் நடந்த ஒரு சம்பவத்துக்காகவே தங்கவயலுக்கு ஒரு கல் நாட்டலாம்.

தங்கம் எடுக்கிற ஊரில் கம்பனிக்கு எப்போதும் ஒரே நினைப்பு: தொழிலாளி திருடுகிறான். கூண்டில் இருந்து ஏறிவருகிறவனைச் சோதிப்பார்கள். தங்கம் கலந்த கல்லையோ இரசக் கட்டியையோ வைத்திருப்பதையே குற்றமாக்க மைசூர் அரசு தனிச்சட்டம் போட்டிருந்தது. இதையெல்லாம் சகித்த சனம், 1930இல் எல்லாத் தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று கம்பனி சொன்னபோது சகிக்கவில்லை. கைநாட்டு வைப்பது அவர்களுக்குப் புதிதில்லை. எழுதத் தெரியாதவர்கள் எத்தனையோ தாளில் பெருவிரல் வைத்திருப்பார்கள். ஆனால் பதிவேட்டுக்கு விரல்ரேகை எடுப்பது பொலிஸ்காரன் கள்ளனுக்குச் செய்கிற வேலை. எங்களைக் கள்ளர் பட்டியலில் சேர்க்கிறாயா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது அங்கே வலுவான தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லை. வாரக்கணக்கில் ஆலைகள் நின்றன. கம்பனி பின்வாங்கியது. கூலி கூட்டு என்று தொடங்காமல், என் பெயரைக் கெடுக்காதே என்று தொடங்கிய வேலைநிறுத்தம் அது. தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு உரிய இடத்தை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த ரோசம் 1930இல் திடீரென்று முளைத்ததில்லை. அதன் வேரைத் தேடிப் போனால் கொழும்பில் வந்து நிற்கிறோம்.

அயோத்திதாச பண்டிதர் 1898இல் கேணல் ஒல்கொட்டின் துணையோடு இலங்கைக்கு வந்தார். ஹிக்கடுவே சுமங்கல தேரரைக் கண்டு பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிப்போய்ச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட தமிழர்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதிக்கு ஒப்புக்கொள்ளாததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை வரலாற்றறிஞர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பது தனிப் பேச்சு. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கையில் எடுத்தவர்கள் யார் என்பதுதான் இன்றைக்கு எனக்கு முக்கியம். தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கத்தின் கிளைகள் எழும்பின. கூலியில் மிச்சம்பிடித்த காசில் இதழுக்குச் சந்தா போனது. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள்.

1914இல் பண்டிதர் மறைந்தார். இதழ் தடுமாறி நின்றது. 1926இல் அதே ‘தமிழன்’ திரும்ப வந்தபோது வந்த இடம் சென்னையில்லை, கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. யோசித்துப் பாருங்கள். ஆழ ஆழக் குழி தோண்டிக்கொண்டிருந்த ஊரில், குழிக்குள் இறங்குகிறவர்களின் பணத்தில், அச்சகம் ஓடுகிறது. தத்துவ நூல் அச்சாகிறது. இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு வைக்கிறார்கள். அந்தக் கருத்தரங்குகளுக்கு மூலப்பிரதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் தங்கவயல் தொழிலாளிகளும் உண்டு. தங்கவயலின் பெருமை எது என்று என்னைக் கேட்டால் நான் அந்தப் புத்தகசாலையைத்தான் காட்டுவேன். 800 தொன் தங்கம் எடுத்தோம் என்று சொல்வார்கள். ஏறக்குறைய 120 வருடத்தில் அவ்வளவு எடுத்தது உண்மை. அதில் எடுத்தவன் வீட்டுக்குப் போனது ஒரு மஞ்சாடி இருக்குமா?

இந்தக் கதையை இலங்கையில், அதுவும் திருகோணமலை மாவட்டத்தில், சொல்லும்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது. பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருக்கு முகம் இறுகும். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் கொழும்பில் இருந்து போன பஞ்சசீலம் தங்கவயலில் தமிழ்ச் சேரிக்காரனை நிமிர்த்தியது. ஒரே மதம் ஓர் ஊரில் ஒரு வேலையும் இன்னோர் ஊரில் வேறொரு வேலையும் செய்யும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அதற்குப் பிறகு சுயமரியாதை இயக்கம் வந்தது, பொதுவுடைமைக்காரர் வந்தார்கள், சங்கங்கள் பலத்தன. இந்தியக் குடியரசுக் கட்சியும் அ.தி.மு.க.வும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிய தொகுதி அது. கன்னட நாட்டில் இரட்டை இலை துளிர்த்தது அங்கேதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்தது. 1962இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பனி.

இடையில் ஒரு விநோதம். 1965இல், சாம்பியன் ரீஃபின் இரண்டேகால் கிலோமீற்றர் ஆழத்தில், மும்பாய் டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாக்காவும் இங்கிலாந்தின் டர்ஹமும் சேர்ந்து கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோ என்ற துணிக்கையின் தடத்தைப் பிடித்தார்கள். தென்னாபிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் அதே வருடம் பிடித்தார்கள். உலகத்துக்கு இவைதான் முதல். வானத்தில் இருந்து பொழிகிற மற்றக் கதிர்களெல்லாம் பாறையில் மாட்டிக்கொள்ளும். இது ஒன்றுதான் அவ்வளவு ஆழத்துக்கும் ஊடுருவி வரும். வானத்தை ஆராயப் பாதாளத்துக்கு இறங்கினார்கள். அந்தப் பாதாளத்தை வெட்டியவன் அறிவியல் ஏட்டில் வரவில்லை. மாணவர்களே, பௌதிகம் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையில் வராது, ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் செத்த விதம் சுரங்கங்கள் சாகிற வழமையான விதம்தான். ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது. ஒரு தொன் கல்லில் கிடைத்தது கடைசியில் சில கிராம். எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டியது. 2001 பெப்ரவரி 28ஆம் திகதி மூடினார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் நிலத்தடிநீர் மெல்ல மேலேறி, நூறு வருடத்து வேலைத்தளத்தை மூழ்கடித்தது. மேலே மிஞ்சியவை துருவேறிய கோபுரங்களும் ‘சயனைட் மேடு’களும். அரைத்து, சயனைட்டில் ஊறவைத்து, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல்நிற மண். 3 கோடித் தொன்னுக்கு மேல். மேடு என்று சொல்கிறார்களே தவிர, மலைகள். புல் முளைக்காது. காற்றடித்தால் அந்தத் தூள் சோற்றுச் சட்டிக்குள்ளும் வரும். அந்த மேட்டிலும் கொஞ்சம் தங்கம் தங்கியிருக்கிறதாம். 2024இல் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை மத்திய அரசு ஏலம் விட இசைவு கொடுத்தது. குடியிருந்த லைன் வீட்டுக்குப் பத்திரம் கேட்டு அலைந்தவர்களுக்கு இசைவு கிடைக்க எத்தனை வருடம் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

கைதட்டலுக்கு வருகிறேன். 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ என்ற அந்தக் கன்னடப் படத்தில் கதாநாயகன் நுழையும் சுரங்கத்தில் அடிமைகள் சங்கிலியில் கிடக்கிறார்கள். கொடியவன் ஒருவன் குடும்பத்தோடு ஆள்கிறான். வெளியுலகத்துக்கே அப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது. கதை நடப்பது 1970களின் கடைசியில். அந்த வருடங்களில் உண்மையான தங்கவயல் அரசாங்கக் கம்பனி. சங்கம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, உதைபந்தாட்டக் கழகங்கள் இருந்தன, கங்காணி மகன் கணக்காளராகவும் தொழிலாளி மகள் ஆசிரியையாகவும் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. படம் கற்பனை என்று சொல்லித்தான் எடுத்தார்கள், சட்டப்படி குற்றமில்லை. சயனைட் மேட்டிலேயே அரங்கம் போட்டுப் படம் பிடித்தார்கள். ஆனால் படத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு ஞாபகம் வருவது மீட்பனுக்காகக் காத்துக்கிடந்த அடிமைக் கூட்டம். கைரேகை கொடுக்க மறுத்த கூட்டத்தை அப்படியா காட்டுவது? 2024இல் பா. ரஞ்சித் ‘தங்கலான்’ எடுத்தார். வட ஆர்க்காட்டுச் சேரியில் இருந்து நடந்துபோனவர்களைத் திரையில் கொண்டுவந்தார். மாயமும் மந்திரமும் எனக்குக் கொஞ்சம் கூடிப்போனதாகப் பட்டது. இருந்தாலும் மாட்டுவண்டிக்காரனுக்கு ஒரு முகம் கிடைத்தது.

ஊர்ப்பெருமை என்பது வழுக்குகிற பாறை. அதை நான் இங்கேயும் காண்கிறேன். மூதூருக்குப் பாலங்கள் வருமுன் திருகோணமலைக்கு லோஞ்சில் போனோம்; தரைவழி என்றால் துறைக்குத் துறை ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி இறங்கினோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபோது கல்வெட்டில் பெரியவர்கள் பெயரைப் பொறித்தார்கள். அந்தப் பாதையை மழையிலும் வெயிலிலும் இழுத்தவர்கள் பெயரை யார் பொறித்தார்கள்? அடுத்த தலைமுறைக்குப் பாதை என்றால் தார்வீதி என்றுதான் விளங்கும். 2006இல் போரினால் இந்த ஊரே, முஸ்லிம் என்றும் தமிழர் என்றும் பாராமல், மூட்டைமுடிச்சோடு வெளியேறியதை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். அதை எழுதவேண்டியவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். நான் அதற்குள் இன்று போகவில்லை. ஒரு மணித்தியாலத்தில் முடிகிற பேச்சில்லை அது.

தங்கவயலில் நான் கண்ட கடைசிக் காட்சியைச் சொல்லி இறங்குகிறேன். சுரங்கம் மூடியதும் ஊர் கலைந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கலையவில்லை. 1894இல் சுரங்கத்துக்காகப் போட்ட சின்ன ரயில்பாதை இருந்தது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இருந்து ரயில் புறப்படுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்: காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், தையல் வேலைக்குப் போகும் பெண்கள், கணினிக் கம்பனிப் பிள்ளைகள். அப்பா முதல் ஷிப்டுக்குக் கூண்டு வாசலில் நின்ற அதே இருட்டில் பிள்ளை மேடையில் நிற்கிறது. கையில் சாப்பாட்டுக் கரியர்.

நானும் ஒருநாள் அதில் ஏறினேன். இருக்கை இல்லை, ஒருவர் கொஞ்சம் தள்ளியிருந்து, “வாங்கய்யா, உட்காருங்க” என்றார். மாரிக்குப்பத்துக்கு அடுத்த நிலையம் சாம்பியன். அடுத்தது ஊர்காம். பிறகு கோரமண்டல். எல்லாம் சுரங்கங்களின் பெயர்கள். ஒன்றிலும் இப்போது சுரங்கம் இல்லை. ரயில் ஒவ்வொன்றாக நின்று, ஒவ்வொரு சுரங்கத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனது.